டப்பாவின் பின்பக்கம்: வாசகர் கேள்வி - பதில்

சருமப் பூச்சுகளின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பற்றிக் கன்னியாகுமரி மாவட்ட வாசகர்கள் கேட்ட கேள்விகள் இந்த இதழில். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். லேபிளில் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். இங்கே உச்சரிப்பைத் தமிழில் தருகிறோம். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தால் எளிதாகப் பிடிபடும்.

குங்குமப்பூ கிரீம் என்று ஒன்று வாங்கினேன். முன்பக்கம் முழுக்கக் குங்குமப்பூ படம். பின்னால் திருப்பினால் பன்னிரண்டு பெயர்கள், ஒன்றும் விளங்கவில்லை. இதில் குங்குமப்பூ எவ்வளவு இருக்கும்?
- வாசகி, வடசேரி

நீங்கள் அனுப்பிய படத்தில் வரிசை இப்படிப் போகிறது: அக்வா, கிளிசரின், காப்ரிலிக் காப்ரிக் ட்ரைகிளிசரைடு, சீட்டரில் ஆல்கஹால், கிளிசரில் ஸ்டியரேட், நியாசினமைடு, டைமெதிகோன், பீனாக்ஸிஎத்தனால், கார்போமர், குரோக்கஸ் சடைவஸ் ஃப்ளவர் எக்ஸ்ட்ராக்ட், பர்ஃபியூம், கடைசியில் சி.ஐ. 19140.

நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்த்த பொருள்களை அளவில் அதிகமானதிலிருந்து குறைவானதற்கு இறங்குவரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். அந்த ஒரு சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று லேபிள் சொல்லாது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு உதவுவது பீனாக்ஸிஎத்தனால். கெட்டுப்போகாமலிருக்கச் சேர்க்கும் இந்தப் பொருளை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. ஆகவே, இந்தப் பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் ஒரு சதவீதமோ அதற்குக் கீழோதான். முன்னால் இருப்பவற்றிலும் சில ஒரு சதவீதத்துக்குக் கீழே இருக்கலாம், அது வேறு.

உங்கள் கிரீமில் குங்குமப்பூ, அதாவது குரோக்கஸ் சடைவஸ், கோட்டுக்குக் கீழே இருக்கிறது. 50 கிராம் டப்பாவில் ஒரு சதவீதம் என்றால் அரை கிராம். அந்த அரை கிராமுக்கு மேல் போக வழியில்லை. 'எக்ஸ்ட்ராக்ட்' என்பதும் பூ அல்ல, பூவைத் தண்ணீரிலோ கிளிசரினிலோ ஊறவைத்து இறக்கிய சாறு. அதில் பூவின் பங்கு இன்னும் குறைவு. அந்த இதமான மஞ்சள் நிறம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? கடைசிப் பெயரைப் பாருங்கள். சி.ஐ. 19140 என்பது டார்ட்ரசின், மஞ்சள் சாயம்.

கிரீம் மோசமா என்றால், இல்லை. தண்ணீர், ஈரம் பிடித்து வைக்கும் கிளிசரின், தேங்காய் அல்லது பனைக்கொட்டை எண்ணெயிலிருந்து எடுத்த லேசான கொழுப்பு, மெழுகு, வைட்டமின் பி3 வகையான நியாசினமைடு என்று உருப்படியான மாய்ஸ்சரைசர்தான். குங்குமப்பூவுக்கென்று கூடுதல் விலை கொடுத்ததுதான் வீண்.

இதோடு ஒரு ஓட்டையும் உண்டு. 60 மில்லிக்குக் குறைந்த திரவம், 30 கிராமுக்குக் குறைந்த கிரீம் ஆகியவற்றின் உறையில் இந்தப் பட்டியல் கட்டாயமில்லை. சின்ன டியூபில் பட்டியல் இல்லையென்றால் அதனாலேயே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். கட்டாயமில்லாமலேயே 30 மில்லி குப்பியில் முழுப் பட்டியலையும் அச்சிடுகிற கம்பெனிகளும் இருக்கின்றன. எங்கள் தேர்வு அவைதான்.

'99 சதவீதம் கற்றாழை' என்று போட்ட ஜெல் உண்மையா? வீட்டுக் கற்றாழை இரண்டே நாளில் நாறிவிடுகிறதே!
- கல்லூரி மாணவி, நாகர்கோவில்

எழுத்துப்படி பொய்யில்லாமலேயே அப்படிப் போட முடியும். கற்றாழைச் சாற்றை உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். 200 பங்கு சாறு ஒரு பங்கு பொடியாகச் சுருங்கும். அந்தப் பொடியில் அரை கிராமை 99 மில்லிக்குச் சற்று மேல் தண்ணீரில் கரைத்தால் அதையே கற்றாழைச் சாறு என்று கணக்குக் காட்டலாம். வழவழப்பும் கெட்டித்தன்மையும் வருவது கார்போமர் என்ற பொருளால். அதன் புளிப்பைச் சரிக்கட்ட ட்ரைஎத்தனாலமைன் அல்லது சோடியம் ஹைட்ராக்ஸைடு சேர்ப்பார்கள். நாறாமலிருப்பது பாதுகாப்புப் பொருளால். பச்சை நிறம் எப்போதும் சாயம்தான், கற்றாழையின் சோறு கண்ணாடி மாதிரி நிறமற்றது.

வீட்டுக் கற்றாழையை வெட்டியதும் தலைகீழாகக் கால் மணி நேரம் சாய்த்து வைத்து, மஞ்சள் பாலை வடியவிட்டு, கழுவிய பிறகு சோற்றை எடுங்கள். அரிப்பை உண்டாக்குவது பெரும்பாலும் அந்த மஞ்சள் பால்தான்.

என் மைனிக்கு அவங்க அண்ணன் வளைகுடாவிலிருந்து ஒரு கிரீம் கொண்டுவந்தார். பத்தே நாளில் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் ஒரு டப்பா தந்திருக்கிறார். பின்பக்கத்தில் பொருள் பட்டியலே இல்லை, ஏதோ ஒரு எச்சரிக்கை மட்டும் இருக்கிறது. பூசலாமா?
- வாசகி, மார்த்தாண்டம்

பூசாதீர்கள். மைனியையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பத்து நாளில் வெளுக்க வைக்கிற பூச்சு என்றால் முதலில் இரண்டைச் சந்தேகிக்க வேண்டும்: பாதரசம், ஸ்டீராய்டு.

பாதரசம் தோலில் கருநிறத்தை உண்டாக்கும் நொதியைத் தடுக்கிறது, அதனால்தான் வெளுப்பு. ஆனால் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்குகிறது. 2023இல் மலப்புரம் மாவட்டத்தில், புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களில் பலர் இப்படிப்பட்ட வெளுப்புக் கிரீம்களைப் பூசியவர்கள் என்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அதே ஆண்டு கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதனையிட்டது. எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் விற்பது இந்தப் பக்கம் வராதா என்ன?

நம் விதிப்படி கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர மற்ற அழகுசாதனப் பொருளில் பாதரசம் தற்செயலாகக் கூட பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அதனால் அதைச் சேர்க்கிறவர் பெரும்பாலும் எழுத மாட்டார். எழுதினால் 'மெர்க்குரி' என்ற சொல்லோடு, அல்லது மெர்க்குரஸ் குளோரைடு, கலோமெல், மெர்க்குரிக் அயோடைடு, மெர்க்குரியோ என்ற பெயர்களில் இருக்கும். பட்டியலே இல்லாத டப்பாவில் உதவுவது நீங்கள் சொன்ன அந்த எச்சரிக்கைதான். 'தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் ஆகியவற்றில் படாமல் பூசவும்' என்று இருந்தால் பாதரசம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக் கலக்கும். தாலிச் சங்கிலி வெளுத்துப்போவது அதனால்தான்.

வெளிநாட்டுப் பொருளை இங்கே சட்டப்படி விற்க வேண்டுமென்றால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பதிவுச் சான்று எண்ணும் உறையில் இருக்க வேண்டும். பெட்டியில் வைத்துக் கொண்டுவந்ததில் இவை எதுவும் இருக்காது.

மைனிக்குச் செய்ய வேண்டியது: சிறுநீரில் புரதப் பரிசோதனை. சாதாரண ஆய்வுக்கூடத்திலேயே செய்வார்கள். சிறுநீர் நுரைத்துப் போனாலோ காலையில் கண்ணிமை, மாலையில் கணுக்கால் வீங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போகவேண்டும், டப்பாவையும் கையோடு எடுத்துப் போகவேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதையும் காட்டுங்கள். பாதரசம் ஆவியாகும், தலையணை உறையிலும் துண்டிலும் ஒட்டும். மிச்சக் கிரீமைக் கழுவித் தண்ணீரில் விடவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். இரண்டு பாலித்தீன் உறைக்குள் இறுக்கிக் கட்டி, மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் புகாரோடு கொடுங்கள்.

இனி ஸ்டீராய்டு. இது மருந்துக்கடையிலிருந்தே வரும். ஹைட்ரோகுயினோன் 2 சதவீதம், ட்ரெட்டினோயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம் மூன்றும் சேர்ந்த டியூபை 'ஃபேஸ் கிரீம்' என்று கேட்டு வாங்குகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். இது மங்குவுக்கு மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதும் மருந்து. மொமெட்டசோன், கிளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், ஃபுளூஸினோலோன் என்று 'சோன்', 'சோல்', 'லோன்' ஒலியில் முடிகிற பெயரைக் கண்டால் முகத்துக்கு எடுக்கும் முன் நின்று யோசியுங்கள். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சிவப்பு நரம்பு தெரியும், கன்னத்தில் முடி வளரும், பருக்கள் கொத்துக்கொத்தாக வரும். நிறுத்தியதும் முகம் எரிந்து சிவக்கும். அதற்குப் பயந்து மறுபடி பூசுவதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். நீண்ட நாள் பூசியவர்கள் தோல் மருத்துவரின் மேற்பார்வையில் விட வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

அண்டியாபீஸில் முந்திரித் தோடு உடைக்கிற வேலை. கை முழுக்கக் கறுத்து, தோல் உரிகிறது. கைக்குப் பூச எந்தக் கிரீம் வாங்க வேண்டும், எந்தப் பெயரைப் பார்க்க வேண்டும்?
- வாசகி, கருங்கல்

முந்திரித் தோட்டில் இருக்கிற எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டோலும் இருக்கின்றன. இரண்டும் தோலைப் பொசுக்கும், சிலருக்கு ஒவ்வாமையும் உண்டாக்கும். எந்தக் கிரீமும் இதை முழுதாகத் தடுக்காது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். தடுப்பது கையுறை. கையுறை போட்டால் வேகம் குறைகிறது என்று போடாதவர்கள், வேலைக்கு முன் விரலிடுக்கு, நகக்கண் உட்பட எண்ணெய் நன்றாகப் பூசிக்கொள்ள வேண்டும். விளக்கெண்ணெய் பிசுபிசுப்பானதால் தேங்காய் எண்ணெயைவிட நேரம் தாங்கும்.

வேலை முடிந்ததும் துணி சோப்பு போட்டுத் தேய்ப்பதுதான் பெரும் கேடு. தோட்டெண்ணெய் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். எனவே முதலில் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கசக்கி, பழைய துணியால் துடைத்தெடுங்கள். பிறகு மென்மையான குளியல் சோப்பால் ஒரே முறை கழுவுங்கள். எலுமிச்சை, சாம்பல், மணல் வேண்டவே வேண்டாம்.

இரவுப் பூச்சுக்கு லேபிளில் முதல் நான்கைந்து பெயர்களுக்குள் பெட்ரோலேட்டம் அல்லது வைட் சாஃப்ட் பாரஃபின், கிளிசரின், யூரியா ஆகியவற்றில் ஏதாவது இருக்க வேண்டும். தடித்துக் காய்த்த தோலுக்கு யூரியா 10 சதவீதம் நல்லது. வெடிப்பு வாய் திறந்து இரத்தம் தெரிந்தால் யூரியா எரியும். அப்போது வெறும் பெட்ரோலேட்டம் போதும், வெடிப்பு மூடிய பிறகு யூரியாவுக்கு மாறலாம். கையைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன் பூசிப் பருத்தி உறை மாட்டிக்கொள்ளுங்கள். பர்ஃபியூம் என்ற பெயர் உள்ளதை எடுக்காதீர்கள், புண்பட்ட தோலில் வாசனைப் பொருள் புது ஒவ்வாமையைக் கிளப்பும். நீர்க்கொப்புளம் வந்தால் கிரீமோடு நிற்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரப்பர் கையுறை போட்ட பிறகுதான் அரிப்பு என்றால், அந்தக் கையுறையைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் தையூரம் போன்ற பொருள்கள் காரணமாக இருக்கலாம். வினைல் கையுறைக்கு மாறிப் பாருங்கள்.

சோப்பு உறையில் டி.எஃப்.எம். 76 சதவீதம் என்று இருக்கிறது. அது அதிகமானால் தோலுக்கு நல்லதா?
- வாசகர், தக்கலை

டி.எஃப்.எம். என்பது சோப்பிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. இந்தியத் தரப்படி 76 சதவீதமும் மேலும் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். 'பேத்திங் பார்' என்று எழுதியிருந்தால் அது குளியல் சோப்பு வகையிலேயே சேராது, அதற்கு 40 சதவீதம் போதும். மீதிக்கு டால்க் போன்ற நிரப்பிகளும் வேறு நுரைப்பொருள்களும் இருக்கும். சட்டென்று கரைந்து குழைந்துபோகும் சோப்பில் பெரும்பாலும் இந்த எண் குறைவு.

ஆனால் எண் கூடினால் தோலுக்கு இதம் என்று அர்த்தமில்லை. 76 சதவீதச் சோப்பும் காரத்தன்மை உள்ளதுதான், பி.எச். 9, 10 என்று இருக்கும். தோல் இயல்பாக லேசான புளிப்பு, 5 பக்கம். வறண்ட தோல், எக்ஸிமா உள்ளவர்கள் 'சோடியம் கோகோயில் ஐசெதியோனேட்' என்று தொடங்கும் கட்டியைத் தேடுங்கள். அது சோப்பே அல்ல, அதற்கு டி.எஃப்.எம். கணக்கும் பொருந்தாது. கிணற்றுத் தண்ணீர் கடினமாக உள்ள கடலோர ஊர்களில் இதனால் இன்னொரு லாபமும் உண்டு. சாதாரண சோப்பு கடின நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளை அழுக்காக உடம்பில் ஒட்டும், இது ஒட்டாது.

சைவர்கள் கவனிக்க: சோடியம் பாமேட் பனை எண்ணெய், சோடியம் கோகோயேட் தேங்காய் எண்ணெய், சோடியம் டாலோவேட் என்றால் மாடு, ஆடு போன்றவற்றின் கொழுப்பு.

சீட்டைல் ஆல்கஹால் என்று கிரீமில் இருக்கிறது. மதுவா? நாங்கள் தொழுகைக்குப் போகிறவர்கள்.
- வாசகி, திருவிதாங்கோடு

மது அல்ல. சீட்டைல், சீட்டரில், ஸ்டியரில் ஆல்கஹால் எல்லாம் பெரும்பாலும் பனை, தேங்காய் எண்ணெயிலிருந்து எடுக்கும் மெழுகு போன்ற கட்டிகள். தோலை மிருதுவாக்கும். 'ஆல்கஹால் டிநேட்' அல்லது 'எத்தனால்' என்றிருந்தால்தான் சாராய வகை.

வீட்டுக்காரர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். சன்ஸ்கிரீன் வாங்கிக் கொடுத்தால் 'சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கு' என்று துடைத்துவிடுகிறார். வெள்ளையாகாதது எது?
- வாசகி, குளச்சல்

வெள்ளையாக்குவது டைட்டானியம் டை ஆக்ஸைடும் ஸிங்க் ஆக்ஸைடும். முதலாவதன் தாது உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் அள்ளும் கறுப்பு மணலிலுள்ள இல்மனைட்டும் ரூட்டைலும் டைட்டானியத் தாதுக்கள். அதைச் சுத்தமாக்கினால் வெள்ளையடிக்கும் பெயின்டுக்குப் போகும் அதே வெண்பொடி. சுண்ணாம்பு என்று அவர் சொன்னது பெரிய தப்பில்லை.

வெள்ளைப் பூச்சு வேண்டாமென்றால் ஆங்கிலப் பெயர் நீளமாக உள்ள வடிகட்டிகள் கொண்டதை எடுக்கலாம்: பியூட்டைல் மெத்தாக்ஸிடைபென்ஸாயில்மீத்தேன், அதாவது அவோபென்சோன். இது வெயிலில் தானே சிதையும். கூட ஆக்டோக்ரைலீன் இருந்தால் தாங்கும். எத்தில்ஹெக்ஸைல் மெத்தாக்ஸிசின்னமேட் மட்டும் துணையென்றால் சீக்கிரம் பயனிழக்கும். அவோபென்சோனோடு இது மட்டும் சேர்ந்ததைத் தவிருங்கள். எஸ்.பி.எஃப். 30 சூரியச் சிவப்புக்குக் காரணமான கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98. எண் 100 என்று காசைக் கொட்டவேண்டாம். அந்த எண் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால்தான் கிடைக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு. பெரும்பாலானவர்கள் பாதிகூடப் பூசுவதில்லை.

'வாட்டர் ரெசிஸ்டன்ட் 80 நிமிடம்' என்று இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை, வியர்வையைத் துடைத்தால் உடனே, மறுபடி பூசவேண்டும். வலை இழுக்கும் கையோடு இது நடக்காது என்பது எங்களுக்கும் தெரியும். காது, மூக்கு, பின்கழுத்து, கீழுதடு இந்த நான்குக்கு மட்டும் அந்த வெள்ளைப் பூச்சையே தடவிக்கொண்டு, மீதிக்கு முழுக்கைச் சட்டையும் பரந்த தொப்பியும் போடுவதுதான் கடலில் நடைமுறைக்கு ஒத்துவரும்.

வெளிச்செண்ணெய் என்று வாங்கினால் வாசனை மட்டும்தான் தேங்காய் மாதிரி இருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது? 'ஏலாதி கேரம்', 'தைலம்' என்று இரண்டு விதமாக எழுதுவதற்கும் என்ன வித்தியாசம்?
- வாசகர், குழித்துறை

பின்னால் 14 இலக்க உணவு உரிமம் எண் இருந்தால் அது சமையலுக்கான எண்ணெயாக விற்கப்படுகிறது. 'ஹேர் ஆயில்' என்றிருந்தால் அழகுசாதனப் பொருள், பட்டியலைப் பாருங்கள். பாரஃபினம் லிக்விடம், மினரல் ஆயில், எல்.எல்.பி. என்று தொடங்கினால் அது பெட்ரோலிய எண்ணெய், தேங்காய் வாசனைக்கு ஒரு பர்ஃபியூம். சின்னக் குப்பியில் விற்கும் தேங்காய் எண்ணெய் உணவா, கூந்தல் எண்ணெயா என்ற வரிச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 டிசம்பரில்தான் முடிந்தது. உறையில் கூந்தல் எண்ணெய் என்று காட்டாதவரை உணவெண்ணெய்தான் என்றது தீர்ப்பு.

வீட்டுச் சோதனை: ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வையுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மேலே உறையாத திரவம் நின்றால் மினரல் ஆயில் கலப்பு இருக்கலாம். பனைக்கொட்டை எண்ணெய் கலந்தால் இந்தச் சோதனை காட்டாது, அதுவும் உறையும்.

கேரம் என்றால் தேங்காய் எண்ணெயில் காய்ச்சியது, தைலம் என்றால் பொதுவாக நல்லெண்ணெயில். முகப்பரு உள்ளவர்கள் முகத்துக்கு இரண்டும் வேண்டாம், தேங்காய் எண்ணெய் துளைகளை அடைக்கும். ஆயுர்வேத உரிமம் பெற்ற பொருள்களில் ஒரு நல்ல விஷயம், '10 கிராமில் இன்னது இத்தனை மில்லிகிராம்' என்று அளவே இருக்கும். 10 கிராமில் 10 மில்லிகிராம் என்றால் 0.1 சதவீதம். கணக்குப் போட்டு வாங்கலாம்.

நியாசினமைடு 10, சாலிசிலிக் 2, வைட்டமின் சி 15 சதவீதம் மூன்று சீரமும் ஒரே நாளில் தொடங்கினேன். முகம் எரிகிறது. எதை நிறுத்த?
- வாசகி, மேல்புறம்

மூன்றையும். இரண்டு வாரம் மென்மையான கழுவி, மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மட்டும். பிறகு ஒன்றே ஒன்றைத் தொடங்குங்கள். பருதான் தொல்லை என்றால் சாலிசிலிக், வாரத்தில் இரண்டு இரவு. நியாசினமைடு 5 சதவீதமே போதும், 10 சிலருக்குச் சிவக்கும். வைட்டமின் சி லேபிளில் 'அஸ்கார்பிக் ஆசிட்' என்றால் புளிப்பு அதிகம், எரியத்தான் செய்யும். வெளிர் நிறச் சீரம் தேநீர் நிறமாகிவிட்டால் கெட்டுவிட்டது. நம் ஊர் வெக்கையில் குளியலறை அலமாரியில் வைத்தால் சீக்கிரமே அப்படி ஆகும். ரெட்டினால் என்ற பெயருள்ளதைக் கர்ப்பமாக இருப்பவர்கள் தொடக்கூடாது.

எந்தப் புதுப் பூச்சையும் முகத்துக்குக் கொண்டுபோகும் முன், முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் காலை, மாலை இரண்டு வேளையும் ஏழு முதல் பத்து நாள் பூசிப் பாருங்கள். ஒவ்வாமை இரண்டாம் நாளில் தெரிய வேண்டும் என்பதில்லை, ஐந்தாறு நாள் கழித்தும் வரும். சோப்பு, முகக்கழுவி போன்று கழுவிவிடும் பொருளாக இருந்தால், வழக்கமாக எத்தனை நிமிடம் வைப்பீர்களோ அத்தனை நிமிடம் வைத்துக் கழுவிவிடுங்கள்.